வசந்தாவின் தலையில் நான் பார்த்தது

தம்பி,

இதை ரூமில் இருக்கும் பையன்களுக்கு முன்னால் பிரிக்காதே. தனியாக எங்காவது உட்கார்ந்து படி. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ தாலி கட்டப் போகிறாய். பெற்றவள் ஆசீர்வாதம் எழுதியிருப்பாள் என்று நினைத்திருப்பாய். ஆசீர்வாதம் இதில் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய் ஒரு பெண்ணின் தலையை அழித்துவிட்டது. இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே அழித்துவிட்டது. ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு என்னுடையது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் என் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ அதைப் பார்த்ததே இல்லை. நீ ரவாங் பேக்டரிக்குப் போன அடுத்த வருஷம், எண்பத்தொன்றில், எனக்கு உச்சந்தலையில் அரிப்பு எடுக்க ஆரம்பித்தது. அப்போது நான் தோட்டத்துச் செம்பனைக் காட்டில் முதுகில் டாங்கியைச் சுமந்துகொண்டு புல்லுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தேன். வேர்வையில் மருந்து இறங்கி அரிக்கிறது என்று நினைத்தேன். பேன் என்று நினைத்துச் சீப்பு போட்டு வாரினேன். அரிப்பு எரிச்சலாக மாறியது. முடியின் அடியைத் தொட்டால் மணல் ஒட்டினது போலச் சொரசொரவென்று இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் தலையைக்கூடச் சரியாகப் பார்க்காமல், படை என்று சொல்லி ஒரு டப்பா களிம்பு கொடுத்தார். எட்டு மாதம் அதைத்தான் பூசினேன். ஒரு நாள் கண்ணாடியைத் திருப்பி வைத்துப் பார்த்தபோது, உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. அந்த இடத்துத் தோல் வழவழவென்று பீங்கான் கோப்பை போல மினுங்கியது. மறுநாளே கோல சிலாங்கூர் கடைத்தெருவில் சவுரி முடி வாங்கிக் கொண்டை போட்டேன். நீ தீபாவளிக்கு வந்தபோது, “அம்மா, கொண்டை நல்லா இருக்குமா” என்றாய். அது சீனாக்காரன் கடையில் வாங்கியது, தம்பி.

உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். ஒரு சாயங்காலம் நான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று பார்த்தார். “லாலான் புல்லு எரிச்ச காடு மாதிரி இருக்குடி” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் முதலில் என் உச்சிக்குப் போகும், அப்புறம்தான் முகத்துக்கு வரும். ஒன்றரை வருஷத்தில் கலும்பாங்கில் ஒருத்தியோடு குடித்தனம் போய்விட்டார். அவள் மருந்து வைத்து மயக்கிவிட்டாள் என்று உன்னிடம் சொன்னேன். அவள் ஒன்றும் வைக்கவில்லை. அவளுக்கு முடி இருந்தது. போகிற அன்றைக்கு அவரே சொன்னார்: “பார்க்க முடியல, என்னா செய்யச் சொல்ற?”

அவர் போன பிறகுதான் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பார்க்கும் கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு சீன லேடி டாக்டர். என் வயதுதான் இருக்கும். என் தலையை விளக்குக்குக் கீழே சாய்த்து, பூதக்கண்ணாடி வைத்துக் கால் மணி நேரம் பார்த்தார். அதுவரை யாரும் என் தலையை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. உச்சியிலிருந்து பென்சில் முனை அளவுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அடுத்த முறை போனபோது மலாயில் நிதானமாகச் சொன்னார். “அக்கார் சுடா மாத்தி.” வேர் செத்துப் போய்விட்டது. முடி இருந்த துளை தழும்பாக மூடிக்கொண்டது, இனி அந்த இடத்தில் எந்த எண்ணெயும் எந்த மருந்தும் ஒரு முடியைக்கூட முளைக்க வைக்காது. உடம்பே தன் முடி வேரை எதிரி என்று நினைத்துச் சுடுகிற வியாதியாம். ஏன் என்று யாருக்கும் தெரியாதாம். மருந்தடித்த வேலையால் வந்ததா என்று கேட்டேன், அப்படிச் சொல்ல முடியாது என்றார். ஒட்டுமா என்று கேட்டேன். “தீடா, தீடா” என்று இரண்டு கையையும் ஆட்டினார். ஒட்டவே ஒட்டாது.

நான் கேட்டுக்கொண்டே இருந்ததால் பொறுமையாகக் கண்ணாடியில் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். காசு மாதிரி வட்டமாகக் கொட்டினாலும் தோலில் துளைகள் தெரிந்தால் பயமில்லை, பெரும்பாலும் திரும்ப முளைக்கும். படை என்றால் முடி பாதியில் ஒடிந்து கட்டை கட்டையாக நிற்கும், மாத்திரையில் போகும். இது அப்படியில்லை. நடுவில் துளையே இருக்காது, தோல் மினுங்கும். ஓரத்தில் சிவப்பு இருக்கும். ஓரத்து முடி ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாகச் செதில் சட்டைக் காலர் போல ஒட்டியிருக்கும். அந்த முடியைப் பிடித்து இழுத்தால் வலிக்காமல் கையோடு வந்துவிடும். சில இடத்தில் பொம்மைக்கு நட்டது போல ஒரே துளையிலிருந்து ஐந்தாறு முடி சேர்ந்து நிற்கும். “நடுவைப் பார்க்காதீங்க, அது முடிஞ்ச கதை. ஓரத்தைப் பாருங்க. ஓரம் சிவப்பா இருந்தா நெருப்பு இன்னும் ஓடுது. அங்க ஊசி போட்டா நிறுத்தலாம்” என்றார். எனக்கு ஊசி போட்டார். ஓரம் நின்றது. அதற்குள் உச்சி முழுக்கப் போயிருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் கண் பழகிவிட்டது. ஒரு மலாய் அம்மாவுக்கு முன் நெற்றியிலிருந்து முடி பின்னால் நகர்ந்துகொண்டே போனது, புருவம் இரண்டும் போயிருந்தன. இன்னொரு ஆளுக்குப் பின்னந்தலையில் சீழ் வைத்து, காய்ந்து, தழும்பாகி, பக்கத்தில் மறுபடி சீழ் வைக்கும். கன்னத்திலும் காதிலும் கறுத்த ஓரத்தோடு வட்டத் தழும்பு வந்த ஒரு பெண், வெயிலில் நடக்கவே கூடாது என்பதால் துணியைப் போர்த்திக்கொண்டு வருவாள். ஒவ்வொருவர் தலையும் ஒவ்வொரு விதமாக எரிந்தது. மிஞ்சுவது ஒரே தழும்புதான். யாரைப் பார்த்தாலும் என் கண் இப்போது தலை வகிட்டுக்குத்தான் போகும். உன் அப்பாவின் கண் மாதிரி.

இந்த நேரத்தில்தான் நீ வசந்தாவைப் பற்றிச் சொன்னாய். ரவாங்கில் வேலை, பக்கத்துப் பேக்டரி, ஒரே பஸ், வீடு தஞ்சோங் காராங் பக்கம். “நல்ல பொண்ணுமா, நீங்க பார்த்தா வேணாம்னு சொல்ல மாட்டீங்க” என்றாய். சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? அந்த மாதிரி ஒரு முகத்தை எனக்கு யாரும் காட்டியதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பெண் பார்க்கச் சம்மதித்தேன். கெடுக்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. அதையும் உண்மையாகவே சொல்கிறேன். பூவோடுதான் போனேன்.

உன் கூட்டாளி காரை ஓட்ட, நீயும் நானும் உன் மாமாவும் போனோம். அவர்கள் வீட்டில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். வசந்தா தட்டில் கேசரி கொண்டுவந்து உனக்கு முதலில் நீட்டினாள். நீ எடுத்துச் சாப்பிட்டாய். பிறகு அவள் அம்மா, “நீங்களே உங்க கையால பூ வச்சு விடுங்க” என்று என்னைக் கூப்பிட்டார். பெண்ணைப் பாயில் உட்கார வைத்து நான் பின்னால் உட்கார்ந்தேன். அடர்த்தியான முடிதான். உச்சியில் ஏற்கெனவே ஒரு கொத்து மல்லிகையை அழுத்திக் குத்தியிருந்தார்கள். அதை எடுத்தேன். அவள் தலையைச் சற்று ஒதுக்கினாள். யாருக்கும் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்.

“அத்த, அங்க மட்டும் மெதுவா தொடுங்க. எரியும்.”

“என்னம்மா அங்க?”

“தெரியல அத்த. நாலு மாசமா அரிக்குது, நெருப்பா எரியுது. என்னா போட்டும் கேக்கல. அம்மா பொடுகுன்னு சொல்றாங்க. உங்களுக்கு ஏதாச்சும் மருந்து தெரியுமா?”

முடியை விலக்கிப் பார்த்தேன். ஐம்பது காசு அளவு இருக்கும். நடுவில் மினுக்கம். துளை இல்லை. சுற்றிலும் சிவப்பு. ஓரத்து முடிகளின் அடியில் அந்த வெள்ளைக் காலர். ஒரு முடியைப் பிடித்து லேசாக இழுத்தேன். வந்துவிட்டது, அவளுக்குத் தெரியக்கூட இல்லை. அந்த வீட்டில் இருந்தவர்களிலேயே அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நெருப்பு இப்போதுதான் பிடித்திருக்கிறது, அடுத்த வாரமே கோலாலம்பூருக்குப் போனால் நின்றுவிடும் என்று தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

அந்த நிமிஷத்தில் எனக்குள் என்ன ஓடியது என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். இந்தப் பெண் வந்தால், என் கொண்டையையும் அவிழ்த்துப் பார்ப்பார்கள், மாமியாருக்கு இருந்தது மருமகளுக்கு ஒட்டிவிட்டது என்று தோட்டத்து லயம் முழுக்கப் பேசுவார்கள் என்ற பயம் ஒன்று. அதைவிட அசிங்கமானது இன்னொன்று. இவளுக்கு முடி போனாலும் நீ இவளை விட்டுப் போக மாட்டாய் என்று எனக்குத் தோன்றியது. உன் முகத்தைப் பார்த்திருந்தேன் அல்லவா? இவளுக்கு மட்டும் எப்படி அது கிடைக்கலாம் என்று எரிந்தது. என் தலையில் அணைந்த நெருப்பு நெஞ்சில் எரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் முடியை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “இங்க வந்து பாருங்க. இத மறைச்சு வச்சுத்தான் பொண்ணு குடுக்கப் பார்த்தீங்களா?” என்றேன். அவள் அம்மா ஓடிவந்து, “பொடுகுதாங்க, சொரிஞ்சு சொரிஞ்சு அப்படி ஆயிருச்சு” என்றார். “பொடுகு பார்த்திருக்கேங்க நான். இது வேற” என்றேன். அந்த வேற என்ன என்று சொல்லவில்லை. கொண்டுபோன பூவைச் சுருட்டி என் பையிலேயே வைத்துக்கொண்டேன். வசந்தா அழவில்லை. குனிந்த தலையோடு, நான் விரித்துப் போட்ட முடியைக்கூட எடுத்துக் கட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

காரில் நீ கேட்டாய். “என்னம்மா அது? சொல்லுங்க.” நான் சொன்னேன்: “பெருவியாதி. குஷ்டம். இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. அந்தத் தோலுக்கு உணர்ச்சியே இல்ல, நான் முடிய இழுத்தேன், அவளுக்குத் தெரியல.” உன் மாமா “அடப்பாவமே” என்றார். நீ கூட்டாளியிடம் காரை நிறுத்தச் சொன்னாய். நெல் வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரத்தில் இறங்கிக் கையைக் கழுவினாய். முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாய். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினாய். அவள் கொடுத்த கேசரியைச் சாப்பிட்ட வாய்.

தம்பி, பொய் சொன்னது நான். கையைக் கழுவியது நீ. நான் சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் போனவளிடம் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் பஸ்ஸையே மாற்றிக்கொண்டாய் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு உன்னைப் பார்த்தால் உன் அப்பாவைத்தான் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முந்தி பெற்ற பிள்ளையிடம் சொல்லக்கூடாத பேச்சுதான். வேறு யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

நான் யாரிடமும் போய்ப் பரப்பவில்லை. பரப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் உன் மாமா பார்த்துக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் அது ரவாங்குக்குப் போய்விட்டது. பேக்டரிப் பெண்கள் தங்கிய வீட்டில் அவளோடு ஒரே ரூமில் படுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று சந்தையில் ஒருத்தி சொன்னாள். கேட்டுக்கொண்டு கத்தரிக்காய் பொறுக்கினேன். அந்த வாரமே எனக்குக் கோலாலம்பூரில் முறை இருந்தது. டாக்டரிடம் போய் என் தலையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு வந்தேன்.

இப்போது நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அவளுக்குச் சடை பின்னி விடுகிறேன் என்று உட்காரவைத்து நெற்றியிலிருந்து பிடரி வரை விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் சரி என்றேன். அந்தப் பிள்ளை பாசம் என்று நினைத்து என் மடியில் சாய்ந்தது. அதனால் உனக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். நாளைக்கு அவளுக்கோ உனக்குப் பிறக்கிற பிள்ளைக்கோ தலை அரித்தால், எரிந்தால், எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்காதே. விளக்கைப் பிடித்து ஓரத்தைப் பார். சிவப்பும் செதிலும் இருந்து, நடுவில் துளை மறைந்திருந்தால் அன்றைக்கே லீவு போட்டு அழைத்துக்கொண்டு போ. கொட்டிப்போன இடத்தைப் பார்த்து அழுவதற்கு வாழ்நாள் முழுக்க நேரம் இருக்கும், ஓரத்துக்கு இருப்பது சில மாதம்தான். இன்னொன்று. யாரைப் பற்றியும் நான் சொன்னேன் என்பதற்காக எதையும் முடிவு செய்யாதே.

மூன்று மாதத்துக்கு முன்னால் கிளினிக்கில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். தாதி “வசந்தா” என்று கூப்பிட்டாள். எனக்கு முன் பெஞ்சிலிருந்து தலையில் துணி கட்டிய ஒருத்தி எழுந்து உள்ளே போனாள். வேறு வசந்தாவாக இருக்கும் என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாம் என்றும் நினைத்தேன். அதற்குள் கதவு திறந்தது. வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு வந்து என் பக்கத்திலேயே, நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

“அடையாளம் தெரியுதுங்களா?”

“தெரியுது.”

துணியை அவிழ்த்தாள். உச்சியிலிருந்து இரண்டு காதுக்கு மேல் வரைக்கும், பின்னால் பிடரி வரைக்கும் ஒன்றுமில்லை. நடுவில் தீவு மாதிரி இரண்டு மூன்று கொத்து, ஒரே துளையில் நட்டது போல. ஓரம் இன்னமும் சிவந்திருந்தது. இருபத்தாறு வயது அவளுக்கு.

அவளாகவே சொன்னாள். நாங்கள் வந்துபோன பிறகு அவள் அப்பா அவளை ஆஸ்பத்திரிக்கே விடவில்லையாம். குஷ்டம் என்று எழுதி, பிடித்துக்கொண்டு போய்க் குஷ்டக்காரர்களை அடைக்கிற இடத்தில் வைத்துவிடுவார்கள், அப்புறம் பெண்ணைப் பார்க்கவே முடியாது என்று பயந்தாராம். மொட்டை அடித்துப் பூண்டை அரைத்துத் தேய்த்தார்களாம். கொப்புளம் கிளம்பி உடைந்ததாம். யார் யாரோ மந்திரித்தார்களாம். அப்பா செத்த பிறகுதான் அவளே பஸ் ஏறி வந்திருக்கிறாள். “மூணு வருஷம் முன்ன வந்திருந்தா ஒரு காசு அளவோட நின்னிருக்கும்னு டாக்டர் சொல்றாங்க” என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை, கடையில் சாமான் பெயர் சொல்வது போலச் சொன்னாள்.

நான் என் கொண்டையைக் கழற்றிக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. பாவம் பார்ப்பாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் குனிந்து, டாக்டர் பார்ப்பது போலவே என் ஓரத்தைப் பார்த்தாள்.

“உங்களுக்கு நின்னுபோச்சு. எத்தன வருஷமா இங்க வர்றீங்க?”

“அஞ்சு.”

விரல் விட்டு எண்ணாமலே அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப அன்னைக்கு என் தலையப் பார்த்தப்பவே தெரியும் உங்களுக்கு.”

“தெரியும்.”

“நான் உங்ககிட்ட மருந்து கேட்டேன்.”

“கேட்டம்மா.”

“அம்மான்னு கூப்பிடாதீங்க.”

என்னை அடித்திருக்கலாம், பெஞ்சில் இருந்தவர்களைக் கூட்டிக் கத்தியிருக்கலாம். துணியைத் திரும்பத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“உங்க மகன் அன்னைக்கு நான் குடுத்தத சாப்பிட்டாரு. இத்தன நாளு எங்க தனக்கும் வந்துருமோன்னு பயந்துகிட்டே இருப்பாரு. அது ஒட்டுற வியாதி இல்லன்னு அவருகிட்ட சொல்லிருங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்.”

“சொல்றேன்” என்றேன்.

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். செகிஞ்சானில் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்கிறாளாம், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று தாதியிடம் சொன்னது காதில் விழுந்தது. என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

சொல்லிவிட்டேன், தம்பி. அது ஒட்டாது. உன் கை அன்றைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் சொன்ன அன்றைக்கே நான் எழுதியிருக்கலாம். அடுத்த நாள் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். அப்போது உனக்கு நிச்சயம்கூட ஆகவில்லை. எழுதினால் நீ செகிஞ்சானுக்கு ஓடிவிடுவாயோ என்று பேனாவை மூடி வைத்தேன். நிச்சயம் ஆகட்டும் என்று காத்திருந்தேன். மண்டபத்துக்குப் பணம் கட்டட்டும் என்று காத்திருந்தேன். பத்திரிகை அடித்து வந்தது. வீடு வீடாக நானே கொண்டுபோய் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தேன். நேற்று சாயங்காலம் கடைசிப் பத்திரிகையைத் தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, கைகால் கழுவிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்